போதை பற்றிய மாநாட்டுக்குப் பணம் கட்டுவது யார்?

1972ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கரீபியன் கடலிலுள்ள சென் மார்ட்டின் என்ற சிறிய தீவில் ஒரு விஞ்ஞான மாநாடு நடந்தது. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த சுமார் 25 ஆய்வாளர்கள் அங்கு கூடினார்கள். பெரும்பாலானோர் பல்கலைக்கழகத்தார். அவர்கள் ஆராய்ந்த கேள்வி ஒன்றுதான்: மனிதன் ஏன் புகைக்கிறான்?

மாநாட்டின் செலவை ஏற்றது ‘புகையிலை ஆய்வுச் சபை’ என்ற அமைப்பு. பெயரைக் கேட்டால் ஒரு ஆய்வு நிறுவனம் போலத் தோன்றும். உண்மையில் அது அமெரிக்க சிகரட் கம்பனிகள் 1954இல் தங்கள் பணத்தில் உருவாக்கிய அமைப்பு. 1964இல் அதற்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டது. மாநாட்டுக் கட்டுரைகளைத் தொகுத்து 1973இல் நூலாக வெளியிட்டவர் வில்லியம் டன். அவர் பிலிப் மொரிஸ் கம்பனியில் பணியாற்றிய உளவியல் ஆய்வாளர்.

மாநாடு முடிந்த பின்னர் அதே வருடத்தில் டன் எழுதிய உள்ளக அறிக்கை ஒன்று, பல வருடங்கள் கழித்து வெளியே வந்தது. சிகரட் பெட்டியை ஒரு நாளுக்குத் தேவையான நிக்கொற்றினைச் சேமித்து வைக்கும் கொள்கலனாகவும், சிகரட்டை ஒரு தடவைக்குரிய அளவை எடுத்துத் தரும் கருவியாகவும் பார்க்க வேண்டும் என்று அதில் அவர் எழுதியிருந்தார். 22 வருடங்களுக்குப் பின்னர், 1994 ஏப்ரல் 14 அன்று, அமெரிக்காவின் ஏழு பெரிய சிகரட் கம்பனிகளின் தலைவர்கள் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து அமர்ந்தார்கள். நிக்கொற்றின் மனிதரை அடிமையாக்கும் என்று தாங்கள் நம்பவில்லை என ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள்.

மூளையையும் போதையையும் பற்றி ஒரு மாநாடு நடத்தும்போது அதற்கு யார் பணம் தருகிறார்கள் என்பது ஏதோ கணக்காளர் பார்க்க வேண்டிய விடயம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல என்பதைக் காட்டவே இந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன். போருக்குப் பின்னர் எங்கள் ஊர்களில் மதுவும் கஞ்சாவும் ஹெரோயினும் ‘ஐஸ்’ என்று சொல்லப்படுகின்ற போதைப்பொருளும் எத்தனை வீடுகளுக்குள் நுழைந்திருக்கின்றன என்பதை இங்கு வாழும் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. “இதைப் பற்றி ஒரு மாநாடு வைப்போம், நாங்கள் காசு அனுப்புகிறோம்” என்று புலம்பெயர் உறவுகள் கேட்பதும் கூடி வருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பணம் எப்படி வேலை செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு தருவது இன்னும் நல்லது.

ஒரு மாநாட்டுக்கு என்ன செலவு?

நான் இரண்டு சிறிய கருத்தரங்குகளின் ஏற்பாட்டுக் குழுக்களில் இருந்திருக்கிறேன். வரவுசெலவுத் தாளில் வருகின்ற விடயங்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: மண்டப வாடகை, பேச்சாளர்களின் பயணச் செலவும் தங்குமிடமும், சாப்பாடு, ஒலி ஒளி, மொழிபெயர்ப்பு, இளம் ஆய்வாளர்களுக்கான உதவித்தொகை, கடைசியாகக் கட்டுரைகளை அச்சிடும் செலவு. பங்குபற்றுவோரிடம் அறவிடும் கட்டணம் இவற்றில் ஒரு பகுதிக்குத்தான் போதும். மிச்சத்துக்கு அனுசரணை தேட வேண்டும்.

அனுசரணை என்பது உறையில் போட்டுத் தந்துவிட்டுப் போகும் பணமாக வருவது அரிது. ஒரு தடவை மருந்து விநியோக நிறுவனமொன்று மதிய உணவுச் செலவு முழுவதையும் ஏற்க முன்வந்தது. பதிலுக்கு அவர்கள் கேட்டது, சாப்பாட்டுக்கு முன்னர் தங்கள் பிரதிநிதி பேசுவதற்குப் பதினைந்து நிமிடங்கள் மட்டுமே. குழுவில் இருந்த பாதிப் பேருக்கு அதில் பிழை எதுவும் தெரியவில்லை. அந்தப் பதினைந்து நிமிடங்களும் யாரிடமிருந்து எடுக்கப்படும் என்று ஒரு மூத்த தாதி கேட்டார். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தோம். போதையிலிருந்து மீண்ட இருவர் தங்கள் அனுபவத்தைச் சொல்ல ஒதுக்கிய நேரம்தான் அங்கு நெகிழ்வாக இருந்தது. குழு அந்த உணவை ஏற்கவில்லை. வீடுகளில் சமைத்து எடுத்து வந்தார்கள்.

மாநாடு ஒன்றில் எது பேசப்படும், எது பேசப்படாது என்பது இப்படித்தான் தீர்மானமாகிறது. எவரும் எவரையும் பொய் சொல்லச் சொல்வதில்லை. சில கேள்விகளுக்கு மேடை கிடைக்கிறது, வேறு சில கேள்விகளுக்கு நேரம் போதாமல் போய்விடுகிறது.

மூளை சொல்லும் கதை

மூளை ஆய்வு போதையைப் பற்றிய எங்கள் பார்வையை மாற்றியது என்பதில் ஐயமில்லை. 1954இல் கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினார்கள். ஒரு நெம்பை அழுத்தினால் மூளையின் குறித்த இடத்துக்குச் சிறு மின்தூண்டல் கிடைக்கும். எலிகள் அந்த நெம்பைத் திரும்பத் திரும்ப, மணிக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் அழுத்தின. இன்பத்தையும் நாட்டத்தையும் ஆளும் பாதைகள் மூளையில் உண்டு என்ற ஆய்வு அங்கிருந்து வளர்ந்தது. டோபமைன் என்ற இரசாயனத்தின் பங்கு பின்னர் தெளிவானது. 1997இல் அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் துர்ப்பாவனை நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்த அலன் லெஷ்னர், அடிமைநிலை என்பது ஒரு மூளை நோய் என்று ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதினார்.

இதனால் ஒரு பெரிய நன்மை உண்டு. குடிக்கு அடிமையானவரை ‘மானம் கெட்டவன்’ என்று ஒதுக்குவதை விட்டு, நோயாளியாகப் பார்த்துச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல அது வழி காட்டியது.

ஆனால் இதே அறிவு கம்பனிகளின் பெட்டகத்துக்குள்ளும் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் பிலிப் மொரிஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில் விக்ரர் டிநோபிள் என்ற ஆய்வாளர், எலிகள் நிக்கொற்றினுக்காகத் தாமாகவே நெம்பை அழுத்துகின்றன என்று கண்டுபிடித்தார். 1983இல் அவரது கட்டுரை ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவரவிருந்தது. கம்பனியின் உத்தரவால் அதை மீளப் பெற்றார். 1984இல் அவரது ஆய்வுகூடமே மூடப்பட்டது. 1994 ஏப்ரல் இறுதியில், அந்த ஏழு தலைவர்களும் சத்தியம் செய்து இரண்டு வாரங்களின் பின்னர்தான், அவர் அதே நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து நடந்ததைச் சொன்னார். அறிவு இருந்தது, அதைக் கண்டுபிடிக்கப் பணமும் இருந்தது. அதைப் பொதுமக்கள் அறியும் உரிமை மட்டும் பணம் தந்தவரின் கையில் இருந்தது.

வலியைப் பற்றிய மாநாடுகள்

அமெரிக்காவில் பேர்டியூ பார்மா என்ற கம்பனி 1996இல் ஒக்ஸிகொன்ரின் என்ற வலிநிவாரணியைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அது அபின் வகையைச் சேர்ந்த மருந்து. 1996இற்கும் 2001இற்கும் இடையில் அந்தக் கம்பனி 40இற்கும் மேற்பட்ட வலி மாநாடுகளையும் பேச்சாளர் பயிற்சிகளையும் நடத்தியது. புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களின் உல்லாச விடுதிகளில் அவை நடந்தன. 5,000இற்கும் மேற்பட்ட வைத்தியர்களும் மருந்தாளர்களும் தாதியரும் முழுச் செலவும் கம்பனியுடையதாக அவற்றில் கலந்துகொண்டார்கள். அந்த மருந்தின் விற்பனை 1996இல் 4.8 கோடி டொலர். 2000ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 110 கோடி டொலர்.

இந்த மருந்தால் அடிமைநிலை ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு என்ற செய்தியைக் கம்பனி பரப்பியது. 2007இல் அதனுடன் இணைந்த கம்பனி ஒன்று நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கம்பனியும் அதன் மூன்று அதிகாரிகளும் 60 கோடி டொலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. 2020இல் பேர்டியூ பார்மா மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இதற்கிடையில் நோய் வேறு உருவெடுத்துவிட்டது. மாத்திரையில் தொடங்கிய பலர் ஹெரோயினுக்கும், பின்னர் பென்ரனைலுக்கும் போனார்கள். 2021இல் மட்டும் அமெரிக்காவில் போதைப்பொருள் அளவு மீறியதால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்தக் கம்பனியின் சொந்தக்காரர்களான சக்லர் குடும்பத்தின் பெயர் விஞ்ஞான உலகின் உயர்ந்த மண்டபங்களிலும் இருந்தது. அமெரிக்க அரசுக்கு விஞ்ஞான ஆலோசனை வழங்கும் தேசிய கல்விக்கழகங்கள், சக்லர் குடும்பத்தினரிடமிருந்து சுமார் 1.9 கோடி டொலர் நன்கொடை பெற்றிருந்ததை 2023 ஏப்ரலில் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ வெளிக்கொணர்ந்தது. வலிநிவாரணிகள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பும் அதே கழகங்களிடம் இருந்தது.

பொதுப் பணமும் தவறலாம்

அப்படியானால் அரசாங்கப் பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படியும் இல்லை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் விஞ்ஞான மாநாடுகளுக்கென்று ‘ஆர்-13’ என்ற தனி நிதியுதவியை வைத்திருக்கின்றன. அதன் விதிகள் படிப்பினைக்குரியவை. விண்ணப்பிக்க முன்னரே நிறுவகத்தின் சம்மதக் கடிதத்தைப் பெற வேண்டும். துறைசார் அறிஞர்கள் விண்ணப்பத்தை மதிப்பிடுவார்கள். அந்தப் பணத்தில் மதுபானம் வாங்க முடியாது, களியாட்டம் வைக்க முடியாது, பல்கலைக்கழகத்தின் மேலதிக நிர்வாகச் செலவுக்கும் எடுக்க முடியாது. மாநாட்டில் சொல்லப்படும் கருத்துகள் அரசின் உத்தியோகபூர்வ நிலைப்பாடாக இருக்க வேண்டியதில்லை என்ற குறிப்பையும் அச்சிட வேண்டும். பணம் தந்தவருக்கும் பேசப்படும் கருத்துக்கும் நடுவில் ஒரு வேலி போட்ட ஏற்பாடு இது.

அந்த வேலியையும் தாண்டலாம் என்பதை 2018 காட்டியது. மிதமாக மது அருந்துவது இதயத்துக்கு நல்லதா என்று அறிய, அதே நிறுவகங்களின் கீழுள்ள மதுபான ஆய்வு நிறுவகம் 10 கோடி டொலர் செலவில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. பங்குபற்றுவோர் சுமார் 7,800 பேர். தினமும் ஒரு கோப்பை மது. அதில் ஏறத்தாழ 6.8 கோடி டொலரை உலகின் ஐந்து பெரிய மதுபானக் கம்பனிகள் தருவதாக இருந்தது. ஆய்வாளர்களும் நிறுவகத்தின் அதிகாரிகளும் 2013, 2014 காலப்பகுதியில் மதுபானக் கம்பனிப் பிரதிநிதிகளைச் சந்தித்து, ஆய்வின் நோக்கத்தை விளக்கிப் பணம் கேட்டிருந்தார்கள். அரச ஊழியர்கள் அப்படிக் கேட்பது விதிக்கு முரணானது.

இது 2018 மார்ச்சில் பத்திரிகையில் வெளியானது. ஜூன் மாதம் நிறுவகங்களின் பணிப்பாளர் பிரான்ஸிஸ் கொலின்ஸ் ஆய்வை நிறுத்தினார். ஆய்வின் அமைப்பே நல்ல முடிவை நோக்கிச் சாய்ந்திருந்தது என்று உள்ளக விசாரணை கண்டது. ஆறு வருடங்களில் இதயத்துக்கு நன்மை இருந்தால் தெரியும், ஆனால் புற்றுநோய் தோன்றித் தெரிய அந்தக் காலம் போதாது. மதுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே வகைப்படுத்திவிட்டது.

கம்பனிப் பணம் முழுவதும் நஞ்சு என்றும் நான் சொல்லவில்லை. ஹெரோயினுக்கு அடிமையானோரின் சிகிச்சையில் உதவும் புப்ரெனோர்பின் என்ற மருந்து, அமெரிக்க அரச நிறுவகமும் ஒரு மருந்துக் கம்பனியும் சேர்ந்து உழைத்ததால் 2002இல் அங்கீகாரம் பெற்றது. அது பல உயிர்களைக் காத்திருக்கிறது. அதே கம்பனி, அதே மருந்தின் சந்தைப்படுத்தல் தொடர்பான வழக்கைத் தீர்க்க 2019இல் 140 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. இரண்டும் ஒரே கம்பனியின் கதை. அதனால்தான் யார் நல்லவர் என்று தேடுவதைவிட என்ன விதி இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

போரிலிருந்து திரும்பியவர்கள்

போரால் பாதிக்கப்பட்டவர்களாகிய எங்களுக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. அது முழுக்கப் பொதுப் பணத்தில் நடந்தது.

1971இல் வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படையினரிடையே ஹெரோயின் பரவியிருப்பது தெரிந்து அந்த நாடே அதிர்ந்தது. அவர்கள் ஊர் திரும்பினால் என்ன நடக்கும் என்று அறிய, வெள்ளை மாளிகையின் போதைத் தடுப்பு அலுவலகம் லீ றொபின்ஸ் என்ற சமூகவியலாளரிடம் ஆய்வை ஒப்படைத்தது. 1971 செப்ரெம்பரில் திரும்பியவர்களில் சுமார் 900 பேரை அவரது குழு தேடிப் பிடித்துப் பேசியது. வியட்நாமில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமையாக இருந்திருந்தார். ஆனால் அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் பத்து மாதங்களில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரளவில்தான். பலர் இதை நம்ப மறுத்தார்கள். மூளை மாறவில்லை, மருந்தும் மாறவில்லை, வாழும் இடம் மாறியிருந்தது.

இந்த முடிவை எங்கள் மண்ணில் வைத்துப் பார்க்கும்போது எனக்குள் எழும் கேள்வி வேறு. அந்தப் படையினர் போரை வேறொரு நாட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எங்களுக்குப் போர் நடந்த இடமே வீடு. காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் தொங்கும் சுவர், இன்னும் விடுபடாத காணி, கடன், வேலையில்லாத பிள்ளை, இவை எதையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை. போர் தனிமனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துச் சிதைக்கிறது என்பதை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ‘கூட்டு மனவடு’ என்ற கருத்தின் ஊடாக விரிவாக எழுதியிருக்கிறார். குடியையும் போதையையும் அதிலிருந்து பிரித்து, மூளைக்குள் மட்டும் தேடினால் பாதி விடைதான் கிடைக்கும்.

இங்கேதான் நிதியின் கேள்வி மறுபடியும் வருகிறது. மாத்திரையை விற்கலாம். மூளைப் படம் எடுக்கும் இயந்திரத்தை விற்கலாம். காணி திரும்பக் கிடைத்தால் ஒரு தகப்பன் குடியைக் குறைப்பானா என்ற கேள்விக்கு விடை கண்டுபிடித்து எவரும் விற்க முடியாது. ஆகவே அந்தக் கேள்விக்குக் கம்பனி எதுவும் அனுசரணை தராது. அதற்குப் பணம் தரக்கூடியவர்கள் அரசும், பல்கலைக்கழகமும், நாங்களும்தான்.

எங்கள் சட்டமும் எங்கள் காசும்

புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக உடன்படிக்கையை இலங்கை 2003 நவம்பரில் ஏற்று உறுதி செய்தது. தென்கிழக்காசிய வலயத்தில் அப்படிச் செய்த முதல் நாடு இலங்கைதான். அந்த உடன்படிக்கையின் 5.3ஆம் உறுப்புரை, சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழில்துறையின் தலையீட்டிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுபானப் பொருட்களின் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்கிறது. காகிதத்தில் எங்களுக்கு நல்ல வேலி இருக்கிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டக் காசில் படித்து ஆளானவர்கள் பலர். அந்தத் தோட்டக்காரரை நான் இங்கு கூண்டில் நிறுத்தவில்லை. ஆய்வின் கேள்வியைத் தீர்மானிக்கும் வலிமை அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

புலம்பெயர் நாடுகளிலிருக்கும் ஊர் ஒன்றியமோ, பழைய மாணவர் சங்கமோ, இங்குள்ள ஒரு பொது அமைப்போ இப்படியொரு மாநாட்டுக்குப் பணம் தர முன்வந்தால், கையெழுத்திட முன்னர் கேட்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, பணம் தரும் எல்லோரின் பெயரும் தொகையும் அழைப்பிதழிலேயே வருமா? அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டம் ஒன்றின்படி மருந்துக் கம்பனிகள் வைத்தியர்களுக்குத் தரும் பணம் பொதுத் தளத்தில் பதிவாகிறது. 2014 முதல் யாரும் தேடிப் பார்க்கலாம். நாங்கள் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஒரு தாளில் அச்சிட்டால் போதும்.

இரண்டாவது, பேச்சாளரையும் தலைப்பையும் தெரிவு செய்வது யார்? பணம் தந்தவர் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. இந்த விதி எங்களுக்கும் பொருந்தும். பத்தாயிரம் டொலர் அனுப்பிய ஒன்றியத் தலைவருக்கு முதல் வரிசையில் கதிரை கொடுக்கலாம், நிகழ்ச்சி நிரலைக் கொடுக்கக்கூடாது.

மூன்றாவது, பேச்சாளர் ஒவ்வொருவரும் தமக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்பதைத் தம் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்வாரா?

நான்காவது, முடிவு கசப்பானதாக இருந்தாலும் வெளியாகும் என்று எழுத்தில் உறுதி உண்டா? டிநோபிளின் கட்டுரை முடங்கியது இந்த உறுதி இல்லாததால்தான்.

ஐந்தாவது, யார் கேட்கப் போகிறார்கள்? முழுவதும் ஆங்கிலத்தில், நகர விடுதி ஒன்றில் நடக்கும் மாநாட்டுக்கு முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய் வர மாட்டார். பஸ் காசும், தமிழ் மொழிபெயர்ப்பும், மீண்டு வந்தோருக்குப் பேச நேரமும் வரவுசெலவுத் தாளின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். கடைசி வரியில் இருப்பவைதான் பணம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுகின்றன.

இவற்றுக்குப் பதில் கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள். பெரிய மண்டபமும் தேவையில்லை. ஒரு பாடசாலை மண்டபம், இரண்டு மனநல வைத்தியர்கள், ஒரு மூளை ஆய்வாளர், சில தாதியர், குடியை விட்டவர்கள் சிலர், விட முடியாதவர்களின் மனைவியர் சிலர். அங்கு பேசப்படுவதைத் தமிழில் எழுதி, யார் எவ்வளவு தந்தார் என்ற கணக்கையும் அதே புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சிட்டுவிட்டால், பிறகு படிப்பவர்கள் எதை எவ்வளவு நம்பலாம் என்று தாங்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.